கருவறைக்குள் கணினி

“கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கணினி ஒரு கேடா?”

இந்தக் கேள்வியை நல்லவர்களும் கேட்கிறார்கள், மற்றவர்களும் கேட்கிறார்கள். நல்லவர்கள் பரிவோடு கேட்கிறார்கள். பாடநூலில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலாத பிள்ளை, வகுத்தல் கணக்கில் வழுக்கி விழுகிற பிள்ளை, அதன் முதுகில் இந்தச் சுமையையும் ஏற்றுவானேன் என்று. அவர்களுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மற்றவர்களின் கேள்வியிலே பரிவு இல்லை, பழைமை இருக்கிறது. உழுபவன் மகன் உழட்டும், ஓதுபவன் மகன் ஓதட்டும் என்ற பழைய பல்லவிக்கு அவர்கள் புதிய மெட்டுப் போடுகிறார்கள்.

அந்தப் பல்லவியைத் தமிழகம் கேட்டுச் சலித்திருக்கிறது. 1953-ஆம் ஆண்டு, ஆச்சாரியார் முதலமைச்சராக வீற்றிருந்த காலம். தொடக்கப்பள்ளியின் நேரத்தைக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். எந்தப் பள்ளிகளுக்கு வந்தது அந்தத் திட்டம்? மாநகரத்துப் பள்ளிகளுக்கா? அல்ல, கிராமத்துப் பள்ளிகளுக்கு! வழக்கறிஞர் மகனுக்கு நாள் முழுதும் பள்ளி. வண்ணார் மகனுக்கோ அரைநாள் பள்ளி, அரைநாள் ஆற்றங்கரை. குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயர் சூட்டி நாடு கொதித்தது. அந்த ஆண்டு சூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அது. மற்றொரு முனை நம் திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடி. 1954-இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் மடிந்தது.

திட்டம் மடிந்தது, எண்ணம் மடிந்ததா?

பரிவோடு கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு சொல். பசி தீரட்டும், பிறகு படிப்பு என்று இந்த நாட்டின் நல்ல ஆட்சிகள் வரிசை வகுத்ததில்லை. 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே பகலுணவு இட்டனர். 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சோற்றையும் ஏட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது நம் வழி. ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்றிருந்தால், நம் பாட்டன்மார் இன்னும் முதல் பந்திக்கே காத்திருப்பர். பிள்ளைகள் எழுத்தில் தடுமாறுவது உண்மைதான். ஆனால் தான் எழுதிய கட்டளையில் ஒரு சொல் பிசகினால் இயந்திரம் நின்றுவிடும் என்று கண்ட பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்துப் படிக்கிறது. அதனால் வாசிப்பு வளர்ந்தே தீரும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தடை ஆகாது என்று மட்டும் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

இயந்திரம் கொடுக்கப்படவில்லையா? கொடுக்கப்பட்டது, மறைப்பது நேர்மையன்று. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. பிற்பாடு நின்றுபோயிற்று எனினும் அதற்குள் பல இலட்சம் ஏழை வீடுகளில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஆய்வகம், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று திட்டம் விரிந்தது. வேறு மாநிலங்கள் நம்மை நோக்கிக் கற்க வேண்டிய செய்தி இது.

ஆனால் அந்த அறையை ஒருமுறை சென்று பாருங்கள், தோழர்களே! கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர்ப்பள்ளிகள் சிலவற்றில் நான் பார்த்தேன். வாயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கணினிகள் துணி போர்த்தி வீற்றிருக்கின்றன. சாவி ஒருவரிடம். குறித்த வேளையில் கதவு திறக்கிறது; பிள்ளைகள் கைகட்டி வரிசையாக நிற்கிறார்கள்; ஆசிரியர் முன்னே சென்று பொத்தானை அழுத்தத் திரையில் ஒளி தோன்றுகிறது; பிள்ளைகள் கண்டு மகிழ்கிறார்கள்; கதவு மூடுகிறது. இதற்கு வகுப்பு என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கோ வேறொரு பெயர் நினைவுக்கு வருகிறது. கருவறை வெளியில் நின்று தீபாராதனை பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அந்தக் கருவறைக்குள் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக நுழைய 1970-இல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்றோர் பலர் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தக் கருவறைக்கும் ஐம்பது ஆண்டு ஆகுமோ?

தூசு படியக்கூடாது என்பதற்காகச் செருப்பைக் கழற்றச் சொல்கிறோம் என்பர். சரி, தூசு படியாமல் காத்தீர். பிள்ளையின் விரலும் படியாமல் காத்துவிட்டீரே! பழுதானால் பொறுப்பு யார் என்ற அச்சம் தலைமையாசிரியருக்கு உண்டு. அதை நான் அறிவேன். அந்த அச்சத்தைப் போக்குவது துறையின் வேலை. அச்சத்துக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவது எவர் வேலையும் அன்று.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. கட்டணம் கொழிக்கும் நகரப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே ஒரு விளையாட்டை ஆக்குகிறது. இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிறது. ஊர்ப்பள்ளியில் கணினிக் கல்வி என்றால் சுட்டியைப் பிடிப்பது, கோப்பைத் திறப்பது, தட்டச்சிடுவது, பிறர் ஆக்கிய படிவத்தை நிரப்புவது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்று ஏவக் கற்பிக்கிறது. மற்றொன்று ஏவியதைச் செய்யக் கற்பிக்கிறது. தந்தை பண்ணையில் கைகட்டி நின்றான். மகன் திரைமுன் கைகட்டி நிற்கிறான். நாற்காலி மட்டும் புதிது! குலக்கல்வி அரைநாள் பள்ளியோடு வந்தது. இது முழுநாள் பள்ளிக்குள்ளேயே வந்து அமர்ந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே நிரல் எழுதுவதையும் செயற்கை நுண்ணறிவையும் கற்பிக்க அரசு இப்போது பாடத்திட்டம் வகுத்திருப்பது நல்ல தொடக்கம். அது ஏட்டிலிருந்து விரலுக்கு இறங்குமா என்பதே கேள்வி.

நிரல் எழுதுவது அப்படி என்ன பெரிய கலை என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கணினி அன்று இயங்கவில்லை; மின்சாரம் இல்லை. ஒரு மாணவியிடம் புள்ளிக்கோலப் படம் ஒன்றைக் கொடுத்து, அதைப் போடும் முறையை வரிவரியாக எழுதச் சொன்னேன். படத்தைப் பாராத மாணவன் ஒருவன் கரும்பலகை முன் இயந்திரமாக நின்றான். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யான். ஆண்பிள்ளை கோலம் போடுவதா என்ற சிரிப்பு ஒருபுறம். நான்கு வரி நன்றாக நடந்தது. பிறகு கோலம் கோணலாயிற்று. “சார், இவனுக்கு ஒண்ணுமே தெரியலை” என்றாள் அவள். நான் பேசவில்லை. தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாம் வரியில் விரல் நின்றது. “அவன்மேல தப்பில்லை சார். திரும்புன்னு எழுதியிருக்கேன். எந்தப் பக்கம்னு எழுதலை.”

இந்த நாட்டிலே கட்டளையிட்டோர் எவரேனும் இப்படிச் சொன்னதுண்டா? மனு சொன்னானா? ஊர்க்கூட்டத்தில் தண்டம் விதித்த நாட்டாண்மை சொன்னதுண்டா? விளைவு கெட்டால் பணிந்தவன்மேல் பழி. அவன் தலையெழுத்து, முற்பிறவி வினை! பிழை கட்டளையில் இருக்கலாம், அதைத் தேடலாம், கண்டு திருத்தலாம், மீண்டும் செய்து பார்க்கலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் விரலால் தொட்டு அறிகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு நிரல் கற்பிக்க வேண்டும் என்று நான் வாதிடுவது முதன்மையாக இதற்காகத்தான். வேலைக்காக என்றால், நாளை வேலை எப்படி இருக்கும் என்று எவரால் உறுதி கூற முடியும்? இயந்திரமே நிரல் எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. இனி எதற்குக் கற்பது என்பாரும் உளர். எழுதித் தந்தது சரியா என்று எவன் பார்ப்பான்? கடன் விண்ணப்பத்தையும் வேலை விண்ணப்பத்தையும் இயந்திரம் சலித்தெடுக்கும்போது, “எந்த வரியில் என்னைத் தள்ளினாய்?” என்று கேட்கத் தெரிந்தவன் வேண்டாமா? கேட்கத் தெரியாதவனுக்குப் பழைய விதியின் இடத்தில் புதிய விதி வந்து உட்காரும். பெயர் மட்டும் அறிவியல்!

ஆனால் நாம் ஏமாறவும் கூடாது. கணினி கற்றவன் பகுத்தறிவாளன் ஆகிவிடுவான் என்று எண்ணுவோர், ஆயுதபூசையன்று ஒரு பொறியியற் கல்லூரிக்குச் சென்று பார்க்கட்டும். திரைக்குக் குங்குமம், விசைப்பலகைக்குச் சந்தனம்! விண்கலத்தின் சிறு உருவத்தைத் திருப்பதி மலைக்கு எடுத்துச் சென்று வணங்கிவிட்டு விண்ணில் ஏவும் அறிவியலாரை நாம் காணவில்லையா? திறமை வேறு, தெளிவு வேறு. கோலத்தில் பிழை தேடிய பெண், தன் வீட்டில் அண்ணனுக்கு ஒரு நீதி தனக்கு ஒரு நீதி என்ற கட்டளையிலும் பிழை தேடுவாளா? தானாகத் தேடமாட்டாள். ஆசிரியர் அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டும். கட்டாத ஆசிரியரிடம் கணினி இன்னொரு கைத்தொழில், அவ்வளவே.

மொழி ஒரு மதில் என்பர். 1935-இலேயே எழுத்தைச் சீர்திருத்தித் தம் ஏட்டில் அச்சிட்டுக் காட்டினார் பெரியார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக வேண்டும் என்பது அவர் வாதம். அரசு ஏற்றது 1978-இல். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையை ஒழுங்கு செய்தது. இயந்திரத்துக்காகத் தமிழை அணியப்படுத்தும் பணி நம் இயக்கத்துக்குப் புதிதன்று. முத்து அண்ணாமலை என்பார் உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்றால் திரையில் பதிகிறது. நிபந்தனை முன்னே வர, ‘ஆனால்’ அதன் பின்னே வருகிறது, நாம் பேசுவது போலவே. முதற்படிக்கு இது போதும். பிறகு பைத்தான் கற்கலாம். அதில் ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 35. முப்பத்தைந்து சொல்லுக்கு அஞ்சியா ஒரு தலைமுறையை வாயிலில் நிறுத்துவது?

திருச்சியையும் திருவரங்கத்தையும் சுற்றி எத்தனை கல்விக்கூடங்கள்! துவாக்குடியில் 1964-இல் தோன்றிய மண்டலப் பொறியியற் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம். திருவரங்கம் வட்டத்துச் சேதுராப்பட்டியில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம். அதே ஊரில் அரசுப் பொறியியற் கல்லூரி. திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுசாதா, மின்னணு வாக்கு இயந்திரத்தை ஆக்கிய பணியில் பங்கு கொண்டவர். கணினியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதியவர். அவரை நாம் மதிக்கிறோம். ஆற்றுக்கு அப்பாலுள்ள உழவன் மகள் அந்த இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் உரிமை பெற்றுவிட்டாள். அதை ஆக்கும் அறிவு அவளுக்கு எப்போது? பச்சைமலைப் பழங்குடி மாணவியர் துவாக்குடிக் கழகத்தில் இடம் பெற்ற செய்தி 2024-இல்தான் நாளேடுகளில் வந்தது. கழகம் தோன்றி அறுபது ஆண்டுக்குப் பின்! மகிழ்ந்தோம், மகிழ்ச்சியினூடே கணக்கும் பார்த்தோம்.

திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசர், கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, மறைவாகச் சொல்லப்பட்ட மந்திரத்தை ஊரறியக் கூவினார் என்று கதை சொல்வார்கள். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. கூவியதில் இருக்கிறது. அந்தக் கதையை ஆண்டுதோறும் மேடையில் உருகி உரைப்போர், சேதுராப்பட்டியின் மதிலுக்கு வெளியே உள்ள ஊராட்சிப் பள்ளியில் ஒருநாள் உருகட்டுமே!

அவர்கள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஏட்டைப் படிக்கும் கல்லூரித் தோழர்கள் திங்களுக்கு இரண்டு சனிக்கிழமை பாலத்தைக் கடந்து வரலாம். ஊர்த் தோழர்களுக்கு அதைவிட எளிய வேலை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், சரிபாதி பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். கணினி அறையின் சாவி யாரிடம், சென்ற திங்களில் அறை எத்தனை நாள் திறந்தது, எந்த வகுப்பு உள்ளே அமர்ந்தது, பெண்பிள்ளைகள் விசைப்பலகையைத் தொட்டார்களா, வேடிக்கை பார்த்தார்களா என்று அவர்கள் கேட்கட்டும். பதிவேட்டை எடுத்துக் காட்டிப் பதில் சொல்லியாக வேண்டும், என்னையும் சேர்த்து.