உறக்கத்தில் நடந்தது யார் வினை?

ஜொகூர் பாருவில் பல வீடுகளில் அதிகாலை நான்கு மணிக்கே விளக்கு எரிகிறது. 1924இல் திறந்த கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் நேரம் அது. இரவெல்லாம் புரண்டு படுத்து, கடைசியில் கிளினிக்கில் வாங்கிய தூக்க மாத்திரையை நாடியவர்களும் அவர்களுள் உண்டு.

“சாமி கும்பிட்டுப் படுத்தால் தூக்கம் வராதா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் உடலும், புலன், மனம் முதலான கருவிகளும் உயிருக்கு இறைவன் தந்தவை என்பது சைவ சித்தாந்தம். பழுதான கருவிக்கு மருந்து பார்ப்பதில் பக்திக் குறைவு ஏதுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்கு வழிகாட்டுகிறவர் 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார்.

அவருடைய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்டது. உடலுக்குள் உயிர் என்று தனியே ஒன்று உண்டு என்பதற்கு மூன்றாம் சூத்திரம் காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று உறக்கம். உறங்குகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. நுகர்ச்சியும் செயலும் இல்லை. மூச்சுதான் உயிர் என்றால் அவையும் நடந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த வாதத்தைச் சோதிக்கிறது சொல்பிடம் என்ற தூக்க மாத்திரை. சொல்பிடம், எஸோபிக்லோன், சலெப்லான் ஆகிய மூன்றின் மீதும் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையை அச்சிட 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. இவற்றை உண்டவர்களில் சிலர், அரிதாகவே என்றாலும், முழுதும் விழிக்காமலே எழுந்து நடந்தார்கள், சமைத்தார்கள், கார் ஓட்டினார்கள். காயங்களும் மரணங்களும் நேர்ந்தன. நடந்தது எதுவும் பெரும்பாலும் அவர்கள் நினைவில் இல்லை.

அந்த வினை யாருடையது?

உறக்கம் ஒரே அடியில் வருவதில்லை என்கிறது சித்தாந்தம். நனவில் 35 கருவிகள் உயிரோடு நின்று தொழிற்படுகின்றன. கனவில் 25, உறக்கத்தில் 3. இந்தக் கணக்கின்படி, தூக்கத்தில் கார் ஓட்டியவர் உறக்கம் என்ற நிலையை எட்டவே இல்லை. சில கருவிகள் ஒடுங்க, சில ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நிற்கிறார். மெய்கண்டார் வாதம் சாயவில்லை.

மருந்துகளும் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. டயஸிபாம் போன்ற பென்சோடயஸிபீன்களும் சொல்பிடமும் மூளையின் துடிப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கு வலுவூட்டுகின்றன. டயஸிபாம் உடலில் நாள்கணக்கில் தங்கும். சொல்பிடத்தில் பாதி இரண்டு மூன்று மணி நேரத்தில் கழிந்துவிடும். பென்சோடயஸிபீன்கள் எளிதில் பழக்கமாகிவிடும். சுவோரெக்ஸன்ட், லெம்போரெக்ஸன்ட் போன்ற புதியவை, விழிப்பைத் தாங்கி நிற்கும் ஓரெக்சினை மட்டும் மறிக்கின்றன. 30 மருந்துகளை ஒப்பிட்டு 2022இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில் எஸோபிக்லோனும் லெம்போரெக்ஸன்ட்டும் முன்னே நின்றன. ஆனால் அதே எஸோபிக்லோன் 2019 எச்சரிக்கைப் பட்டியலிலும் இருக்கிறது.

ஜொகூர்க்காரருக்கு முக்கியமானது மணிக்கணக்கு. சொல்பிடம் உண்டவர் ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். ஓரெக்சின் மருந்துகளுக்கும் குறைந்தது ஏழு மணி நேரம். மறுநாள் காலை இரத்தத்தில் எஞ்சும் மருந்து வண்டி ஓட்டும் திறனைக் குறைப்பதால், 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான சொல்பிடம் அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. இரவு பதினொன்றுக்கு விழுங்கி நான்கு மணிக்குச் சாலையில் இறங்குகிறவருக்கு இருப்பது ஐந்து மணி நேரம். விபத்து நேர்ந்தால், அதற்கான வினை மாத்திரையை விழுங்கிய நொடியிலேயே, முழு நனவில், தொடங்கிவிட்டது.

அவருக்கு அது தெரிந்திருந்தால்தான். உயிர் பிறர் உணர்த்தியே உணரும் என்பதும் அதே மூன்றாம் சூத்திரத்தில் வரும் ஒரு காரணம். மலேசியத் தனியார் கிளினிக்குகளில் மருந்தை எழுதும் டாக்டரே அதைக் கொடுக்கவும் செய்கிறார். எத்தனை மணிக்கு எழுவீர்கள், எதில் வேலைக்குப் போவீர்கள் என்று அவர் கேட்காமல் விட்டால், அந்த வினையில் அவருக்கும் பங்குண்டு. மருந்துக்கு முன்பே, தூக்கப் பழக்கங்களையும் அச்சங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அப்படி ஒரு வழி இருப்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.