கூடப் பிறந்த மாசும் வந்து சேர்ந்த மாசும்

சென்னை மாத்தூருக்குப் பக்கத்திலேயே மணலி ஆலைகள். அங்கே சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் புரோப்பிலீனைக் கொண்டு, மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் புரோப்பிலீன் கிளைக்கால் தயாரிக்கிறது. நிறமில்லாத, லேசாக இனிக்கும், பிசுபிசுப்பான திரவம். பெயின்ட், ரெசின் தொழில்களுக்கும் போகும். சிரப்பில் மருந்தைக் கரைக்கவும் போகும். பொருள் ஒன்றுதான், தரம்தான் வேறு. மருந்துத் தரம் என்ற சான்று இல்லாத பீப்பாய்க்கு மருந்துக் கம்பெனிக்குள் இடமில்லை.

2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் நிறுவனம், வியாபாரிகளிடம் வாங்கிய, மருந்துத் தரமற்ற கிளைக்காலைப் பயன்படுத்தியதாக அதிகாரிகள் கண்டறிந்தார்கள். அங்கே தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எஸ்.ஆர்.-13 என்ற அந்த பாட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். அனுமதி 0.1 சதவீதம்தான்.

அனுமதியா, விஷத்துக்கா? கேட்பவருக்குத் திடுக்கிடும். ஆனால் வேதியியலாளரின் அகராதியில் பூஜ்யம் என்ற தூய்மை கிடையாது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளலாம். பாரா-அமினோஃபீனாலிலிருந்து செய்யப்படும் மருந்து அது. நாளானால் கொஞ்சம் திரும்ப அதுவாகவே சிதையவும் செய்யும். 10 லட்சத்தில் 50 பங்குவரை இருக்கலாம் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தர நூல். புது மருந்து ஒன்றை ஒருவர் நாளுக்கு 2 கிராம்வரை சாப்பிடுவதாக இருந்தால், அதில் 0.1 சதவீதத்தைத் தாண்டும் எந்த மாசும் பெயரில்லாமல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அது இன்னது, இன்ன அமைப்பு, இன்ன வழியில் வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

இந்தக் கணக்கு சைவ சித்தாந்திக்குப் புதிதாகத் தோன்றாது. ஆணவம் உயிரோடு அநாதியாகவே இருக்கும் மலம், செம்பில் களிம்பு போல. அதற்குச் சகச மலம் என்று பெயர். கன்மமும் மாயையும் பிறகு வந்து கூடிய ஆகந்துக மலங்கள். முத்தியிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சக்தி அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்பது சித்தாந்தம். மாசு இருக்கிறதா என்று கேட்டு நிற்காமல் எந்த மாசு, எங்கிருந்து வந்தது, அடங்கியிருக்கிறதா என்று கேட்கும் மரபு அது. பாராசிட்டமாலின் அமினோஃபீனால் கூடப் பிறந்தது. டைஎத்திலீன் கிளைக்காலோ வாசல் வழியாக வந்தது. உலகில் எதுவும் முழுத் தூய்மை இல்லை என்ற பேச்சு முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்கு அது வெறும் சாக்கு.

ஓரிடத்தில் ஒப்புமை உடைகிறது. சித்தாந்தத்தில் மலம் யாருடையதோ, துன்பமும் அவருக்கே. சிரப்பு விஷயத்தில் மாசு ஒருவருடைய தொழிற்கூடத்தில், சிறுநீரகம் செயலிழந்தது எங்கோ ஒரு குழந்தைக்கு. அதை அந்தக் குழந்தையின் முன்வினை என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. வினைக்கொள்கை பெரியதுதான். ஆனால் சோதிக்காமல் விட்ட பீப்பாய்க்கு அது பதில் ஆகாது. இப்படிப் பழி போட்டால் பீப்பாயைத் திறந்து பார்க்கும் கடமையும் விதியின் தலையில் விழுந்துவிடும்.

இந்த விஷம் மருந்தில் கலப்பது புதுசா என்ன? 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு சிரப்பு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1972இல் இதே சென்னையில், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில், பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. எல்லா இடத்திலும் அதே டைஎத்திலீன் கிளைக்கால்.

கண்ணுக்கும் நாக்குக்கும் இரண்டு கிளைக்காலும் ஒன்றே. கொதிநிலைதான் வேறு: புரோப்பிலீன் கிளைக்காலுக்குச் சுமார் 188 டிகிரி, டைஎத்திலீன் கிளைக்காலுக்கு 245. வாயு நிறப்பகுப்புக் கருவி இவற்றைத் தனித்தனியே பிரித்து அளவு சொல்லிவிடும். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபர் 1ஆம் தேதி ஸ்ரீசனில் மாதிரி எடுத்தது, மறுநாளே 48.6 என்ற எண் வந்துவிட்டது. அந்த பாட்ச் தயாரானது மே மாதத்தில்.