குறியும் குறிக்கப்படுவதும்

புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானம், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் வியாப்தியை, அதாவது பிறழாத உடனிகழ்ச்சியை, அடிப்படையாகக் கொண்டது என்பர் நியாய நூலார். செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவரின் குருதியில், அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம் மிகுவதைக் கண்டு தொற்றைத் துணியும் மருத்துவருக்கு அத்தகைய உறுதி வாய்ப்பதில்லை. ஏனெனில் அறுவை ஒன்றே அப்புரதத்தை உயர்த்தி, 2 அல்லது 3ஆம் நாளில் உச்சம் தொடச்செய்து, சில வாரங்களில் தணியவிடுகிறது. இதனினும் கொடியது மறுதலை: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகையின்றியே நெருப்பிருப்பதை நியாய நூலார் காட்டியதுபோல, கியூட்டிபாக்டீரியம் போன்ற மந்தமான நுண்ணுயிர்கள் உலோகத்தின்மேல் படலமாகப் படிந்து, குருதியில் அப்புரத அளவு இயல்பாக இருக்கும்போதே மூட்டைத் தளர்த்தக்கூடும். ஆதலால் தீராத வலியோடு வந்தவரை ஓர் எண்ணை மட்டும் காட்டித் திருப்பி அனுப்புவது அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது; மூட்டுநீரை எடுத்து, 2 வாரம் வரை வளர்த்துச் சோதிப்பதே முறை.