படிக்காசு

கொச்சியின் சுள்ளிக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாண வீடுகளில் பந்தல், பிரியாணி, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ரேட் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிடுவார்கள். பாடுகிறவர் பேச்சு வந்தால் மட்டும், "அவர் நம்ம ஆளு, பாத்துக்கலாம்" என்பார்கள். நள்ளிரவில் ஹார்மோனியத்தை உறைக்குள் வைத்துக் கட்டிய பிறகும் அவர் வாசலோரம் நின்றுகொண்டிருப்பார். கேட்கக் கூச்சம். பாட்டு கடவுள் தந்தது, அதற்கு விலை சொல்லலாமா என்ற பேச்சு அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

எங்கள் பூர்வீகம் திருவீழிமிழலைப் பக்கம். அந்த ஊர்க்கதை இதற்கு நேர்மாறானது. பஞ்சம் வந்தபோது அடியாருக்குச் சோறு போட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவபெருமானே தினம் ஆளுக்கு ஒரு பொற்காசு படிக்காசாக வைத்தார் என்கிறது பெரியபுராணம். அப்பர் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தர் காசுக்கு மட்டும் வட்டம் பிடித்து மதிப்பைக் குறைத்தார்கள். அதனால் அவர் மடத்தில் பந்தி தாமதமானது. அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்கிறவர், அதனால்தான் அவருக்கு நல்ல காசு என்று சம்பந்தர் புரிந்துகொண்டார். உடனே, குறையில்லாத காசு வேண்டும் என்று பதிகம் பாடிக் கேட்டார். கிடைத்தது.

கேட்கச் சம்பந்தர் கூச்சப்படவில்லை, சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். பாட்டு தெய்வத்துடையது என்றால், பாடுகிற உடம்புக்குச் சோறு போடும் பொறுப்பும் தெய்வ காரியம்தானே?

எங்கள் பக்கத்து மட்டாஞ்சேரியில் பாடகர் மெஹ்பூப் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1954-இல் வந்த 'நீலக்குயில்' மலையாளப் படத்தில் பாடியவர். கல்யாண வீடுகளிலும் நண்பர்கள் கூடிய இடங்களிலும் விடிய விடியப் பாடியவர். 1981-இல் போய்விட்டார். காசைப் பெரிதாக நினைக்காதவர் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது அவருடைய பெருமை. பாட்டுக் கேட்பவர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வலிக்கிறது.

பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் பிறந்த பாடகர் யேசுதாஸ் 1980-இல் தரங்கிணி இசை நிறுவனத்தைத் தொடங்கினார். கேசட் காலம் அது. மேடை ஏறாத நாளிலும் ஒலிநாடா பாடகருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. இன்று பாட்டெல்லாம் போனுக்குள் இருக்கிறது, கேட்பவர் கையிலிருந்து தனியாகக் காசு எதுவும் போவதில்லை. பெயர் பெற்றவர்களுக்கே மேடைதான் பெரிய வருமானம். மேடையில் பாடும் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் கூடவே வந்தது. 2017-இல் இளையராஜா தரப்பு எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, நாற்பது வருடச் சிநேகிதத்தில் காசைக் கொண்டுவரலாமா என்று ஊரே கேட்டது. ஆனால் பாட்டைப் படைத்தவருக்கும் பங்கு உண்டு என்பதை 2012-இலேயே பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் உறுதி செய்திருந்தது.

அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, மதச் சடங்கில் பாட்டைப் பயன்படுத்தினால் உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம். நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஏழை வீட்டுக் கல்யாணத்திலும் பாட்டு ஒலிக்க வேண்டும். ஆனால் அந்த விலக்கு பாட்டுக்குத்தான். வந்து உட்கார்ந்து தொண்டை வற்றப் பாடுகிறவருடைய கூலிக்கு எந்தச் சட்டமும் எந்த வேதமும் விலக்கு தரவில்லை.

இலவசமாகப் பாடுவேன் என்று சொல்லும் உரிமை பாடுகிறவருக்கு மட்டுமே உண்டு. தியாகராஜர் அரசன் தந்த செல்வத்தை வேண்டாம் என்றார். அந்தத் துறவு அவர் எடுத்த முடிவு, சபை அவர்மேல் சுமத்தியது அல்ல. இப்போது என்னிடம் செட் கேட்டு வருகிறவர்களிடம் பாடுகிறவருக்கு எவ்வளவு பேசியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அதைச் சொன்ன பிறகுதான் என் வாடகையைச் சொல்கிறேன்.