ஒரே மேசை, வேறு வேறு தட்டு

கலிபோர்னியாவின் இர்வைன் நகரம் ஒரு பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்தே திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 1965-ல் வகுப்புகள் தொடங்கிய அந்த வளாகத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் கடைத்தெரு. ‘பிளேஸ் பீட்சா’ தன் முதல் கடையை 2012-ல் அங்கேதான் திறந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாஸ், சீஸ், காய்கறி, இறைச்சி எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் இருக்கும். வரிசையில் நகர்ந்துகொண்டே எது வேண்டும், எது வேண்டாம் என்று சொன்னால், எதிரில் நிற்கும் ஊழியர் அப்படியே மாவின்மேல் தூவுவார். எத்தனை வகை கேட்டாலும் ஒரே விலை. அடுப்புக்குள் போய் மூன்றே நிமிடத்தில் வெந்து வந்துவிடும்.

கிண்ணங்கள் முப்பது என்று வைத்துக்கொண்டால், அவற்றைக் கூட்டியும் குறைத்தும் 107 கோடிக்கு மேற்பட்ட விதமாகப் பீட்சா செய்யலாம். இதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா?

உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே மென்லோ பார்க்கில் ஒரு மளிகைக் கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நிறையப் பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். ஆறு வகை மட்டும் வைத்தபோது, நின்றவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். ஆனால் இப்படிப்பட்ட பல ஆய்வுகளை 2010-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறையப் பூஜ்யம் என்று வந்தது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். முஸ்லிம் மாணவி ஒருத்தி பன்றி இறைச்சிக் கிண்ணத்தைத் தாண்டிப் போகிறாள். தன் பீட்சாவைத் தொடும் முன் கையுறையை மாற்றச் சொல்கிறாள். அவளுக்குப் பின்னால், மதுரையிலிருந்து மேற்படிப்புக்கு வந்த சைவ உணவுக்காரப் பையன். அவனுக்குப் பின்னால், பால்கூடத் தொடாத வீகன் தோழி. மூவரும் ‘வேண்டாம்’ என்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நண்பர் வீட்டு விருந்தில் அதே சொல்லுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். பல நேரம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மனசாட்சிக்காக ஒன்றை விலக்குகிறவர் அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பதே இந்தக் கவுண்டரின் உண்மையான கொடை. 107 கோடி அதற்கு முன் வெறும் கணக்கு.

இத்தாலி இதை வெகு காலம் முன்பே யோசித்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் மோந்தே கசினோ மடத்தை நிறுவிய புனித பெனடிக்ட், துறவிகளுக்கு வகுத்த விதிகளின் 39-ஆம் அதிகாரத்தில், ஒவ்வொரு மேசைக்கும் சமைத்த பதார்த்தம் இரண்டு வேண்டும் என்கிறார். ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்டு பசியாறலாம் என்பது அவர் சொல்லும் காரணம். ஆசையை அடக்கக் கற்பிக்கும் மடத்தில் இரண்டாவது பதார்த்தம்! அடுத்த அதிகாரத்தில், பிறருடைய உணவுக்கு அளவு வகுக்கத் தமக்குத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். பசியையும் உடம்பையும் தெரிந்த மனிதரின் தயக்கம் அது. நேப்பிள்ஸில் 1870-ல் தொடங்கிய ‘தா மிக்கேலே’ கடையும் நெடுங்காலம் மார்கரீட்டா, மரினாரா என்று இரண்டே பீட்சாதான் போட்டுவந்தது. மரினாராவில் சீஸ் கிடையாது. விலக்க வேண்டியவருக்கு இடம்விட இரண்டே போதும்.

பெனடிக்டுக்கும் முன்னால், ஏறக்குறைய கி.பி. 57-ல், ரோமிலிருந்த கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் இதே சிக்கலைப் பேசுகிறது. அங்கே ஒரு சாரார் எல்லாம் உண்டார்கள். இன்னொரு சாரார் காய்கறி மட்டும் உண்டார்கள். உண்பவர் மற்றவரை ஏளனம் செய்யவும் வேண்டாம், விலக்குபவர் உண்பவருக்குத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம் என்பது பவுலின் நிலை. எல்லாரும் ஒன்றையே உண்ணுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை.

சீக்கியர்களின் லங்கர் என்னும் பொது உணவுப் பந்தி நேர்மாறான வழியில் போனது. எல்லாருக்கும் ஒரே உணவு, ஒரே பந்தி. யாரும் விலகி நிற்கக் கூடாது என்பதற்காக அது சைவ உணவு. சாதி பார்த்துப் பந்தி பிரித்த மண்ணில் அதைவிட உயர்ந்த விடை இல்லை. உடன் உண்பதன் முழு அழகும் அங்கேதான் இருக்கிறது. பீட்சாக் கடை அதற்கு ஈடாகாது. ஆனால் லங்கருக்குப் பின்னால் ஒரு சமூகத்தின் சேவை நிற்கிறது. பல நாட்டு மாணவர்கள் பசியோடு வந்து விழும் பல்கலைக்கழக ஊரில், லாபத்துக்கு நடக்கும் ஒரு கடை அந்தப் பொறுப்பைச் சுமக்காது. அங்கே வேறு வேறு தட்டோடு ஒரே மேசையில் உட்கார முடிவதே பெரிய காரியம்.

இருந்தும் இந்தச் சுதந்திரத்தில் ஓர் ஓட்டை உண்டு. வாடிக்கையாளர் வாய் திறப்பதற்குள் முக்கியமான பலவும் முடிவாகிவிடுகின்றன. பூண்டு தொடாத சமணர் கிண்ணத்திலிருக்கும் பூண்டை வேண்டாம் என்று சொல்லலாம். சாஸில் ஏற்கெனவே வெந்து கரைந்த பூண்டை என்ன செய்வார்? பெஸ்டோவிலும் பூண்டு உண்டு. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். இத்தாலியின் பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைத்தால்தான் அந்தப் பெயரையே வைக்க முடியும், சட்டம் அப்படி. அமெரிக்காவில் பர்மேசான் என்று விற்பதில் நுண்ணுயிர் ரென்னெட்டும் இருக்கலாம், கன்றினுடையதும் இருக்கலாம். பார்வையில் வித்தியாசம் தெரியாது. மதுரைப் பையன் இறைச்சி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கடைசியில் தூவும் சீஸுக்குத் தலையாட்டும்போது, தெரிந்துதான் சம்மதித்தான் என்று சொல்ல முடியாது. தெரியாமல் கொடுத்த சம்மதத்தைத் தேர்வு என்று கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவை மெனுவில் போட வேண்டும் என்ற விதி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. ரென்னெட் எங்கிருந்து வந்தது என்று எழுத அந்த விதி கேட்கவில்லை. சட்டம் கேட்கும்வரை கடைகள் காத்திருக்க வேண்டாம். சாஸ், பெஸ்டோ, சீஸ் கிண்ணங்களின் முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டட்டும். அதுவரை, அப்படிப்பட்ட பல்கலைக்கழக ஊர்களில் படிக்கும் நம் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். உடன் வந்த நண்பர்கள் அந்த ஒரு நிமிடம் பொறுத்து நிற்கட்டும்.