ஊசியும் உரிமையும்

மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டை, எல்கடுவைத் தோட்டப் பெண்களுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை ஏற்றப்படும் கருத்தடை ஊசி புதியதன்று. 'டெப்போ புரொவேரா' எனும் இந்த ஓமோன் ஊசி அமெரிக்காவில் கருத்தடைக்கென இசைவு பெற்றது 1992 இலேயே. இலங்கையில் அதற்கு முன்னரே வழங்கப்பட்டது. சிலருக்கு இதனால் உடல் நிறை கூடும். இதனைக் கூறின் மறுத்துவிடுவாளென அஞ்சி, நன்னோக்குடனேயே மறைப்பது தகுமா? நிறை பற்றிய கவலையை வெறும் அழகுணர்ச்சியெனத் தள்ளுவோர், கூடை சுமந்து மலைச்சரிவில் ஏறியறியாதவர். (கொழுந்தை நாள்தோறும் நிறுக்குமிடத்தில் பறிப்பவளின் நிறை பொருட்டாகாதோ?) மாத்திரை ஒவ்வாவிடின் மறுநாளே நிறுத்தலாம், ஏற்றிய ஊசியை மீளப்பெற இயலாது. மூன்று மாதமும் அவளுடல் அதற்குக் கட்டுப்பட்டது. எனவே உண்மை ஊசிக்கு முன்னரே உரைக்கப்பட வேண்டும். அவள் மறுப்பின், ஓமோன் கலவாத செப்பு லூப் முதலிய வழிகளும் உள. மருத்துவமாது அவற்றையும் விளக்கலாம்.