இடம் பெயர்ந்த கல்லும் கருதலளவையும்

ஒரு கல் தான் பிறந்த நிலத்தின் நீங்கி வேற்றிடத்திற் கிடப்பின், அது சடமாதலால், அதனைப் பெயர்த்தது பிறிதொன்று உண்டென்பது ஒருதலை. அப்பிறிது அறிவுடையதோ, அறிவற்றதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. திருப்பெரும்பூதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகளின் பொருட்டு நிலம் அகழப்பெறும் இந்நாளில், அயலதாகிய பல்லாவரத்துக் கற்களை யாம் இதற்குச் சான்றாகக் கொள்வாம்.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரது கல்லறைமேல் ஒரு கருங்கல் உளது. கங்கையின் வண்டல் நிலத்தில் அவ்வினப் பாறை இன்மையின், அஃது ஆண்டுப் பிறந்ததன்றென்பது அநுபலத்தி ஏதுவாற் பெறப்படும். நிலநூல் வல்லாராகிய தாமஸ் ஹாலண்ட், அதன் கனிப்பொருள்கள் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளோடு ஒத்தல் கண்டு, அவ்வினத்திற்கு 1893இல் சார்னாக்கைட் எனப் பெயரிட்டார். கல்லின் இனம் பிறப்பிடத்தைக் காட்டிற்று. கொணர்ந்தோர் மக்களென்பதையோ, அதன்மேற் பொறித்த எழுத்தே காட்டிற்று.

இனி, அப்பல்லாவரத்திலேயே 1863 மே 30இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், செம்பூறாங்கற் சரளையினின்றும் குவார்ட்சைட் கற்கருவி ஒன்றை எடுத்தார். அம்மலையோ சார்னாக்கைட். வடக்கே அத்திரம்பாக்கத்தில் கிடைக்கும் குவார்ட்சைட் கற்கள் அல்லிக்குழி மலையின் திரள்கற் படுகைகளினின்றும் போந்தவை. இத்தகைய கூழாங்கல்லின் உருட்சி நீரின் தொழிலைக் காட்டும். கருவியின் செதுக்கு கைத்தொழிலைக் காட்டும். இவ்விரண்டும் காரிய ஏது. ஒன்றன் ஏதுவை மற்றொன்றற்குக் கூறல் ஏதுப்போலியாம்.

அற்றேல், நீரே கல்லைப் பெயர்க்குமாயின், உலகிற்கும் அறிவுடை முதல்வன் வேண்டா என உலகாயதர் கடாவுவர். நம்மவருட் சிலர் இதற்கு அஞ்சி, இடம் பெயர்ந்த கல்லை இறைவனது அற்புதமென்பர். அது சித்தாந்தத்திற்கு அரண் ஆகாது. நிலநூலார் ஆற்றைக் காட்டிய அன்றே அச்சான்று அழியும். மெய்கண்டார் நூல் தனிக்கல் ஒன்றன்மேல் நிற்பதன்று. சுட்டியறியப்படும் உலகமனைத்தும் தோன்றி நின்று ஒடுங்கும் காரியமாதலின், அதற்கு மாயை முதற்காரணமாகவும், சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்தகாரணனாகவும் வேண்டப்படுவர். கல்லை உருட்டிய நீரும் அக்காரியத்துள் அடங்கும். அடங்கவே, அது நிமித்தகாரணம் ஆமாறில்லை.

ஆகலின், ஆற்றின் தொழிலை ஆற்றிற்கே உரைத்தலால் இறைவன் முதன்மைக்கு இழுக்கில்லை. ஆராயாது அற்புதமென்றலே அளவைநூற்கு இழுக்கு என்பது எம் துணிபு.